இன்னும் வந்து சேராத விதாத்

கணவனும் மனைவியும் சேர்ந்து வெளிநாடு போனால், சேர்ந்துதான் திரும்ப வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனாலும் எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். ஹாஜி சுப்ஹியும் விதாத் அக்காவும் அப்படித்தான் செய்தார்கள். குறைந்தபட்சம், செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

என் பெயர் அத்வா. அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தின் கீழே இஸ்திரிக் கடை வைத்திருக்கிறேன். எங்கள் கஃப்ர் அல்-யமாம் பேட்டையில் யாருடைய சட்டையில் எந்தப் பொத்தான் அறுந்திருக்கிறது என்பது, போட்டிருப்பவருக்கு முன்னால் எனக்குத் தெரியும். ஆகவே நான் சொல்வதை நம்பலாம். அரசாங்கம் நம்பவில்லை என்பது வேறு விஷயம்.

அவர்களுடைய மகள் நிஹால் ஹம்பர்க்கில் இருக்கிறாள். பிள்ளைப்பேற்றுக்காக இருவரும் மூன்று மாதத்துக்கென்று போனார்கள். பிறந்தது இரட்டை. ஒன்று அழும்போது இன்னொன்று தூங்கும். அது எழுந்ததும் இது தூங்கும். அந்த முறைமாற்றத்தைச் சமாளிப்பதிலேயே பதினான்கு மாதம் ஓடிவிட்டது. ஒருவழியாக ஒரு வசந்த காலத்துச் சாயங்காலம், தூசிக்காற்று அடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். ஐந்து பெட்டிகள். இரண்டை நான்தான் மூன்றாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். விதாத் அக்கா வண்டியிலிருந்து இறங்கிய கையோடு, பெட்டியின் கைப்பிடியை உடைத்ததற்காக டிரைவரை ஐந்து நிமிடம் திட்டினாள். அந்தக் குரலைத் தெருவே கேட்டது. "வந்துட்டா விதாத்" என்று ஜன்னல்கள் திறந்தன.

அவள் வரவில்லை என்பது மறுநாள் காலையில் ரொட்டிக் கடையில்தான் தெரிந்தது.

ஹாஜி சுப்ஹி ரேஷன் அட்டையை இயந்திரத்தில் செருகினார். இரண்டு பேருக்குப் பத்து ரொட்டி வர வேண்டும். ரொட்டிக்காரர் ஐந்தை எண்ணி நீட்டினார்.

"இன்னும் அஞ்சு?"

"அட்டையில ஒரு ஆளுதான் ஊர்ல இருக்கு ஹாஜி."

"ரெண்டு பேரும்தானே நேத்து வந்தோம்?"

"மெஷின் உங்களை மட்டும்தான் பார்த்திருக்கு."

ஹாஜி சுப்ஹி ரயில்வேயில் முப்பத்தாறு வருடம் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். அச்சடித்த எதையும் மறுத்துப் பேசி அவருக்குப் பழக்கம் இல்லை. வீட்டுக்கு வந்து இரண்டு பாஸ்போர்ட்டுகளையும் எடுத்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார், பக்கம் பக்கமாகப் பரிசோதித்தார். அவருடையதில் 'வருகை' என்று முத்திரை இருந்தது. விதாத்துடையதில் அதே நாள், அதே நேரம், 'புறப்பாடு' என்று இருந்தது. அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. விமான நிலையத்தில் முதலில் இவருக்கு முத்திரை குத்திய அதிகாரிக்கு டீ வந்தது. அவர் வலது கையிலிருந்த முத்திரையை வைத்துவிட்டு டீயை வாங்கினார். பிறகு இடது கைப்பக்கம் இருந்ததை எடுத்து விதாத்துக்குக் குத்தினார்.

ஆக, மேற்படி விதாத் என்பவர் நாட்டை விட்டு இரண்டு முறை புறப்பட்டிருக்கிறார். ஒரு முறைகூடத் திரும்பவில்லை.

குடிமைப் பதிவு அலுவலகத்தில் இந்த விவகாரங்களைக் கவனிப்பவர் மேடம் இன்ஷிராஹ். முப்பத்தொரு வருட சேவை. நாங்கள் மூவரும் போனபோது அவர் மடியில் தட்டை வைத்துக்கொண்டு முலுகியாக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பொதுமக்கள் பணியில் இடையூறு இல்லாமல், காம்பு ஒரு பக்கமும் இலை ஒரு பக்கமுமாகப் பிரிந்துகொண்டிருந்தன.

"என்ன வேணும்?"

"என் மனைவி திரும்பி வந்ததைப் பதியணும் மேடம்" என்றார் ஹாஜி.

"வந்துட்டாங்களா?"

"இதோ, உங்க முன்னாடி நிக்கிறா."

மேடம் இன்ஷிராஹ் விதாத் அக்காவைப் பார்த்தார். பிறகு கணினித் திரையைப் பார்த்தார். திரையை அதிக நேரம் பார்த்தார்.

"இல்லையே. பன்னெண்டாம் தேதி மத்தியானம் ரெண்டே காலுக்கு நாட்டை விட்டுப் போயிருக்காங்க."

"அது நாங்க வந்து இறங்கின நேரம்!"

"நீங்க இறங்கின நேரம் ஹாஜி. அவங்க ஏறின நேரம்."

விதாத் அக்கா மேசையில் கையை ஊன்றினாள். "அம்மா, நான் இங்கதான் நிக்கிறேன். வேணும்னா கிள்ளிப் பாருங்க."

"கிள்ளிப் பார்க்க எங்களுக்கு அதிகாரம் இல்லைங்க. அது சுகாதாரத் துறை."

"அப்ப நான் யாரு?"

"நீங்க யாரா வேணா இருங்க, எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா விதாத் வெளிய இருக்காங்க."

நான் சாட்சி சொல்ல முன்வந்தேன். பெட்டி தூக்கியதையும் டிரைவர் திட்டு வாங்கியதையும் விவரித்தேன். மேடம் பொறுமையாகக் கேட்டார்.

"அவங்க நாட்டுக்குள்ள நுழைஞ்சப்ப நீங்க விமான நிலையத்துல இருந்தீங்களா?"

"இல்ல மேடம். எங்க வாசல்ல இருந்தேன்."

"வாசலுக்கு யார் வேணாலும் வரலாம்."

கடைசியில் அவரே வழி சொன்னார். வெளிநாட்டில் உள்ளவர் அந்த நாட்டிலிருக்கும் நம் தூதரகத்துக்கு நேரில் சென்று, தான் ஊர் திரும்பிவிட்டதாக மனு அளிக்க வேண்டும். தூதரகம் அதைப் பரிசீலித்து இங்கே அனுப்பும். இங்கே ஆவன செய்யப்படும்.

"எந்த நாட்டுத் தூதரகம்?" என்றாள் விதாத் அக்கா.

"அதை நீங்கதான் சொல்லணும். இதுல 'வெளியே'ன்னு மட்டும்தான் போட்டிருக்கு."

"ஊருக்குத் திரும்பி வந்துட்டவ எப்படிம்மா வெளிநாட்டுக்குப் போய் நேர்ல மனு குடுப்பா?"

"நல்ல கேள்வி. அதையும் மனுவுலயே எழுதிக் கேட்டுடுங்க."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஹாஜி சுப்ஹி தலையைக் குனிந்தபடியே நடந்தார். வாசலுக்கு வந்ததும் மெல்லச் சொன்னார்:

"விதாத், தப்பா எடுத்துக்காத. முத்திரைன்னா முத்திரைதான். எத்தனையோ பேரை நான் நடுவழியில இறக்கி விட்டிருக்கேன். வண்டியில உக்காந்திருக்கான்ங்கிறதுக்காக ஒருத்தன் பயணி ஆயிட முடியுமா?"

"அப்ப என்னை எந்த ஸ்டேஷன்ல இறக்கி விடறதா உத்தேசம்?" என்று கேட்டுவிட்டு அவள் படியேறிப் போய்விட்டாள். அன்றைக்கு அந்த வீட்டில் ஐந்து ரொட்டியும் மிஞ்சியது.

ரொட்டியோடு போயிருந்தால் இந்தக் கதை எழுதும் அளவுக்கு வந்திருக்காது. விதாத் அக்கா கல்யாண உடைகளுக்கு மணி கோத்துத் தைப்பவள். சுற்றுவட்டார மணப்பெண்கள் அவள் கை படாமல் மேடை ஏறியதில்லை. அவளுடைய வலது கண்ணில் புரை விழுந்திருந்தது. ஹம்பர்க்கில் இருந்தபோதே மங்கல்தான். ஊருக்குப் போய் அரசாங்கக் காப்பீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டிருந்தாள். ஒருநாள் ஒரு மணப்பெண்ணின் உடையை இஸ்திரிக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். மார்பில் இருந்த பூவுக்கு ஒரு பக்கம் ஐந்து இதழ், மறுபக்கம் எட்டு. நான் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"எத்தனை அத்வா?"

"என்ன அக்கா?"

"இதழ் எத்தனை? பொய் சொன்னா அந்த இஸ்திரிப் பெட்டியால உன் வாயைத் தேய்ச்சுடுவேன்."

சொன்னேன். அவள் உடையை வாங்கி மடித்துக்கொண்டு, சுவரைத் தொட்டுத் தொட்டு மாடியேறினாள்.

கண் மருத்துவமனையில் டாக்டர் நல்ல மனிதர். பார்த்த உடனேயே, "முத்திப்போச்சு. இன்னும் தள்ளிப் போட்டா சிக்கல்" என்று எழுதிக் கொடுத்தார். காப்பீட்டுப் பிரிவு குமாஸ்தா அந்தச் சீட்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கண் வந்திருக்கு. சரி. கண்ணுக்கு உரியவங்க வரலையே?"

"கண்ணு மட்டும் எப்படிய்யா தனியா வரும்?" என்றாள் விதாத் அக்கா.

"அதைத்தான் நானும் கேக்குறேன்" என்றார் அவர்.

மறுபடி பதிவு அலுவலகம். இந்த முறை விதாத் அக்கா சத்தம் போட்டாள். சத்தம் தாங்காமல் மேடம் இன்ஷிராஹ் கீரைத் தட்டைக் கீழே வைத்தார்.

"இங்க பாருங்கம்மா. நான் ஊர்ல இருக்கிறவங்க பிரிவு. நீங்க என்கிட்ட வந்து நிக்கிறதே முறையில்ல. வெளிய இருக்கிறவங்களுக்குன்னு மாடியில ஒன்பதாம் கவுன்ட்டர் தொறந்து எட்டு மாசமாச்சு. அங்க போங்க."

மாடியில் ஒன்பதாம் கவுன்ட்டர் என்பது ஒரு தனி அறை. கதவைத் திறந்ததும் குளிர்காற்று முகத்தில் அடித்தது. மெத்தை வைத்த நாற்காலிகள், பூச்சாடி, சுவரில் 'தொலைவில் இருந்தாலும் எங்கள் இதயத்தில் இருக்கிறீர்கள்' என்று தங்க எழுத்து. எட்டு மாதமாக ஒருவர்கூட வரவில்லை. ஏனென்றால் வெளிநாட்டில் இருப்பவர்கள் வெளிநாட்டில் இருந்தார்கள். டை கட்டிய மாஜித் என்ற அதிகாரி எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார். ஒரு அரசு அதிகாரி எழுந்து நின்றதை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன். ஏதோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்துக் கதவுப் பக்கம் நகர்ந்தேன்.

"வாங்க, வாங்க! பயணம் சௌகரியமா இருந்துச்சா? அங்க இப்ப வெயில் எப்படி?"

"இங்க மாதிரியேதான்" என்றாள் விதாத் அக்கா.

டீ வந்தது. ஹாஜி சுப்ஹி உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். அக்கா அவர் காலை மிதித்தாள். கண் விஷயத்தைச் சொன்னாள். மாஜித் ஒரு புத்தம் புதிய படிவத்தை எடுத்தார். 'கடல் கடந்து வாழும் சொந்தங்கள் தாயகத்துக்குத் திரும்பாமலேயே தாயகத்தில் சிகிச்சை பெறும் சலுகைத் திட்டம்.' முதல் பயனாளி கிடைத்துவிட்ட மகிழ்ச்சியில் அதை அவரே நிரப்பினார். பத்து நிமிடம். மூன்று முத்திரை. வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

அடுத்த வாரம் அறுவை சிகிச்சை நடந்தது. அதே மருத்துவமனை, அதே டாக்டர். குமாஸ்தா மட்டும் எழுந்து நின்று, "வெளிநாட்டுலேர்ந்து நம்மளை நம்பி வந்திருக்கீங்க" என்று நெகிழ்ந்தார். கட்டுப் பிரித்த அன்று அக்கா என் கடைக்கு வந்து, தூக்கிப் பிடித்த சட்டையைப் பார்த்து, "காலர்ல தீய்ஞ்சிருக்கு அத்வா" என்றாள். அது உண்மைதான்.

நல்ல செய்தி தெருவில் பரவ நேரம் எடுக்கும். இது பரவுவதற்கு, எதிர்வீட்டு பஹீஜா மாடியிலிருந்து இறங்கிவரும் நேரம் போதுமானதாக இருந்தது.

"மெத்தை நாற்காலியாமே?"

"ஆமா."

"டீயுமா?"

"புதினா போட்டு."

"நாப்பது வருஷமா இந்த ஊர்லயே கெடக்குறேன்" என்றாள் பஹீஜா, நெஞ்சில் கை வைத்து. "எனக்கு ஒரு வாய் தண்ணி குடுத்திருக்கானா எவனாவது?"

அன்றிலிருந்து எங்கள் தெருவுக்கு ஊரில் இருப்பது பிடிக்காமல் போயிற்று. வெளிநாடு போக யாருக்கும் வசதியில்லை. ஆனால் வெளிநாட்டில் இருப்பதற்குப் போகத் தேவையில்லை என்பதுதான் நிரூபணம் ஆகிவிட்டதே! கூட்டமாக மேடம் இன்ஷிராஹிடம் போனார்கள். எங்களுக்கும் ஒரு தவறு செய்து கொடுங்கள் என்று கேட்டார்கள்.

அவர் கொதித்துப் போனார். "முப்பத்தொரு வருஷமா தப்பைத் திருத்தச் சொல்லித்தான் ஜனங்க வந்தாங்க. இப்ப தப்பு பண்ணச் சொல்லி வர்றீங்களா? கேட்டதும் தூக்கிக் குடுக்க நான் என்ன கடையா வச்சிருக்கேன்? தப்புங்கிறது தானா நடக்கணும்!"

இந்த வாக்கியத்தில்தான் வழி இருந்தது. தவறு வேண்டும் என்று மனுக் கொடுத்தால் கிடைக்காது. வேறு எதையாவது திருத்தச் சொல்லி மனுக் கொடுத்தால், தவறு இயல்பாகவே நடக்கும். நான் என் பெயரில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது பெயர் அப்படியே பிழையாக இருந்தது. நான் மட்டும் வெளிநாடு போயிருந்தேன். எல்லோருக்கும் இந்த அதிர்ஷ்டம் இவ்வளவு சுத்தமாக அமையவில்லை. பஹீஜாவின் புருஷன் பிறந்த தேதியை மாற்றக் கேட்டு, திருமணம் ஆகாதவராக வெளிநாடு போயிருந்தார். மறுமனு கொடுக்கும்படி பஹீஜா கத்தினாள். அவர் அவசரப்படவில்லை.

கோடைக்குள் தெருவில் அநேகமாக எல்லோரும் வெளியே இருந்தோம். இருப்பதோடு நிற்கவில்லை, இருப்பவர்கள் மாதிரி நடந்துகொள்ளவும் ஆரம்பித்தோம். பால்கனிகளில் பெட்டிகள் காய்ந்தன. மீன்காரரிடம், "இங்க வந்தா இந்த வாடைதான் ஒத்துக்க மாட்டேங்குது" என்று பிறந்ததிலிருந்து அதே மீனைத் தின்றவர்கள் மூக்கைப் பிடித்தார்கள். அவித்த மொச்சை கனமாக இருப்பதாக ஒருவர் சொன்னார். மின்சாரம் நின்றால், "அங்கல்லாம் இப்படிக் கிடையாது" என்று பெருமூச்சு விட்டோம். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. கேட்பது நாகரிகமில்லை.

விளைவுகளும் முறைப்படி வந்து சேர்ந்தன. தெருவில் ஆள் இல்லை என்பதால் குப்பை வண்டி நிறுத்தப்பட்டது. ரொட்டிக் கடைக்கு மாவு பாதியாயிற்று. ஒன்பதாம் கவுன்ட்டரில் வரிசை படிக்கட்டில் இறங்கி, முற்றத்தைச் சுற்றி, சாலைக்கு வந்தது. மெத்தை நாற்காலிகள் போயின, பிறகு டீ போயிற்று, பிறகு மாஜித்தின் டை போயிற்று. கீழே மேடம் இன்ஷிராஹ் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். ஆனால் அவரிடம் போவதற்கு எங்களில் யாரும் ஊரில் இல்லை.

இந்த நிலையில்தான் ஹாஜி சுப்ஹி வீட்டுக்கு சமூக நலத் துறையிலிருந்து ஒரு பெண் வந்தாள். விதாத் அக்காதான் கதவைத் திறந்தாள்.

"சுப்ஹிங்கிறவர் இருக்காரா? தனியா வாழுற முதியவர்னு பட்டியல்ல இருக்கு."

"தனியாவா? நான் அவரு பொண்டாட்டி."

அந்தப் பெண் காகிதத்தைப் பார்த்தாள். "மனைவி பிரிஞ்சு போய் வெளிநாட்டுல இருக்கிறதா போட்டிருக்கே. நீங்க சமையலுக்கு இருக்கீங்களா?"

விதாத் அக்கா கதவை விட்டு விலகி வழிவிட்டாள். அந்தப் பெண் உள்ளே போய் ஹாஜியிடம் அன்பாகப் பேசினாள். துணையற்றவர்களுக்கான இல்லத்தில் இடம் இருப்பதாகவும், அங்கே வெள்ளிக்கிழமைதோறும் கோழி உண்டு என்றும் சொல்லி, ஒரு படிவத்தை வைத்துவிட்டுப் போனாள்.

ஹாஜி சுப்ஹி அந்தப் படிவத்தைப் படித்தார். 'மேற்படி நபர் துணையின்றி, தனிமையில் வசித்து வருகிறார் என இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது.' கீழே முத்திரை இருந்தது. அசலான முத்திரை. அவர் அதை மேசையில் வைத்தார். அன்று சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அக்கா என்னை மேலே கூப்பிட்டாள். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"நாப்பத்தொரு வருஷம் அத்வா" என்றார். "ஒரே பெட்டியில எதிரெதிர் சீட்டு. இப்ப எதிர் சீட் காலின்னு எழுதிக் குடுத்துட்டுப் போறாங்க. நானும் அதைப் படிச்சிட்டு, சரியா இருக்கான்னு முத்திரையைப் பார்க்குறேன் பாரு. அதுதான் எனக்குத் தாங்கல."

விதாத் அக்கா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். கையில் கரண்டி. அவளுக்குக் கண் இரண்டும் இப்போது நன்றாகத் தெரிந்தன. அதனால் அவரும் நன்றாகத் தெரிந்தார்.

"போதும்ங்க" என்றாள். "கண்ணு கிடைச்சிருச்சு, சலுகையும் அனுபவிச்சாச்சு. நான் வீட்டுக்கு வந்துடறேன்."

வருவது அவ்வளவு சுலபமா? ஒன்பதாம் கவுன்ட்டரில், "வெளிய இருக்கிறவங்களை உள்ள கொண்டு வர எங்களுக்கு அதிகாரம் இல்ல" என்றார்கள். கீழே, "உள்ள இல்லாதவங்க மனுவை நாங்க வாங்க முடியாது" என்றார்கள். நடுவில் படிக்கட்டு இருந்தது. அக்கா ஒன்றரை மாதம் அதில் ஏறி இறங்கினாள்.

அதற்குள் தலைநகரில் எங்கள் புள்ளிவிவரத்தைப் பார்த்து மகிழ்ந்துபோயிருந்தார்கள். ஒரே தெருவிலிருந்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் கடல் கடந்து சென்று நாட்டுக்குப் பெருமை சேர்ப்பது இதுவே முதல் முறை என்று சுற்றறிக்கை வந்தது. பாராட்டு விழா ஏற்பாடாயிற்று. கல்யாணத்துக்கும் சாவுக்கும் போடும் அதே பூவேலைப் பந்தலை எங்கள் தெருவிலேயே கட்டினார்கள். முன்வரிசை நாற்காலிகள் வெளிநாடு வாழ் சொந்தங்களுக்கு. உள்ளூர்வாசிகள் பின்னால் நிற்க வேண்டும். பின்னால் நின்றவர்களில் எங்கள் தெருக்காரர் ஹாஜி சுப்ஹி ஒருவர்தான். அலுவலகத்தின் சார்பில் மேடம் இன்ஷிராஹ் நின்றார்.

தலைநகரிலிருந்து வந்த துணைச் செயலர் கனத்த உடம்பும் கரகரத்த குரலும் உடையவர். அழகாகப் பேசினார்.

"கடல் கடந்த என் சொந்தங்களே! பிழைப்புக்காகப் பிறந்த மண்ணைப் பிரிந்தீர்கள். உங்கள் தெருவை நினைக்காத நாள் உண்டா? உங்கள் வீட்டு ஜன்னல் உங்களுக்காக ஏங்கவில்லையா? இந்த நதி, இந்தக் காற்று, இந்த வறுத்த மீனின் மணம்..."

பஹீஜா மூக்கைச் சிந்தினாள். இரண்டு வரிசை தள்ளி அவள் புருஷன் தேம்பினார். நானும் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு ஊரை நினைத்து அழுதேன். ஊர் என் நாற்காலிக் காலுக்குக் கீழேதான் கிடந்தது. ஆனாலும் வெகுதூரத்தில் இருப்பது போலத்தான் இருந்தது.

"திரும்பி வாருங்கள்!" என்று கைகளை விரித்தார் துணைச் செயலர். "தாயகம் காத்திருக்கிறது! வர விரும்புவோர் கையை உயர்த்துங்கள்!"

அழுகை நின்றது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் அவரவர் செருப்பைப் பார்த்தோம். என் பக்கத்து நாற்காலியில் விதாத் அக்காவின் கை உயர்ந்தது.

"ஒரே ஒருத்தரா!" என்றார் துணைச் செயலர், சற்று ஏமாற்றத்துடன். "வாங்கம்மா, மேலே வாங்க."

அவள் எழுவதற்கு முன்பே பின்னாலிருந்து ஹாஜி சுப்ஹி வந்துவிட்டார். நாற்காலிகளுக்கு நடுவே, ஓடும் ரயிலில் நடப்பவர் போலக் கால்களை அகட்டி வைத்து நடந்தார். மேடைக்கு முன்னால் நின்றார். கையில் விதாத்தின் பாஸ்போர்ட்.

"ஐயா, நான் ரயில்வேயில டிக்கெட் பரிசோதகர். முத்திரை போட்ட காகிதத்தை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினவன் இல்ல." அவர் பாஸ்போர்ட்டை விரித்துக் காட்டினார். "இந்த முத்திரை தப்புங்க. இவ என்கூடத்தான் வந்தா. எனக்குப் பக்கத்துலதான் நின்னா. காகிதம் என்ன சொன்னாலும் சரி, இவ என்கூட இருக்கா."

விதாத் அக்கா அவரைப் பார்த்தபடி நின்றாள். "இதைச் சொல்ல இவ்வளவு நாளா?" என்றாள் மெதுவாக.

புகைப்படக்காரர் முன்னால் ஓடிவந்தார். துணைச் செயலருக்கு விஷயம் புரிந்ததோ இல்லையோ, புகைப்படம் புரிந்தது. முதுமைக் கணவன், திரும்பி வரும் மனைவி, நடுவில் அவர். "இவரைத் தாயகத்துக்கு இப்போதே வரவேற்கிறேன்!" என்று அறிவித்தார்.

"ஐயா, அதுக்கு ஒரு நடைமுறை இருக்கு" என்றார் மேடம் இன்ஷிராஹ் பின்னாலிருந்து.

"புகைப்படக்காரர் காத்திட்டிருக்காரும்மா."

நடைமுறை முடிந்தது. மேடம் இன்ஷிராஹ் கைப்பையைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றியிருந்த அலுவலக முத்திரையை எடுத்தார். மேடையில் வைத்தே பாஸ்போர்ட்டில் குத்தினார். பல வாரங்களுக்குப் பிறகு ஹாஜி சுப்ஹி முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்ததை அந்தப் படத்தில் இன்றும் பார்க்கலாம். துணைச் செயலரின் தோளுக்குப் பின்னால், பாதி முகமாக.

மறுநாள் காலை பத்து மணி வாக்கில், சாவு வீட்டுக்குப் போவது போல நாங்கள் மாடியேறினோம். பஹீஜா, துக்க வீட்டு வழக்கப்படி, சர்க்கரை போடாத காப்பியைக் கூஜாவில் கொண்டுவந்திருந்தாள். பெண்கள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஆண்கள் தொண்டையைச் செருமிக்கொண்டார்கள். யார் முதலில் பேசுவது என்று தெரியவில்லை.

"அடி பாவி" என்று ஆரம்பித்தாள் பஹீஜா, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு. "ஊர் உலகமே போகணும்னு தவியாத் தவிக்குது. கிடைச்ச இடத்தை விட்டுட்டுத் திரும்பி வந்துட்டியே! என்னடி ஆச்சு உனக்கு?"

"நாங்கல்லாம் அங்கயே இருந்துட்டோமே" என்றேன் நானும், ஆறுதலாக. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அக்கா. அப்படி என்ன குறை அங்க?"

விதாத் அக்கா மடியில் ஒரு மணப்பெண் உடையை விரித்து வைத்திருந்தாள். ஊசியில் நூலைக் கோத்தாள். ஒரே தடவையில் ஏறியது. முதல் மணியை எடுத்து வைத்துவிட்டுத்தான் எங்களை நிமிர்ந்து பார்த்தாள்.

"குறையா? எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. அக்கம்பக்கம் பூரா நீங்களே இருந்தீங்க. அதைத்தான் தாங்க முடியல."